செக்பொயின்ட் சஹனை விட்டு எழும்பிய நாள்

அம்பாறைக் கரையோரத்தில் இதுவரை பிறந்த ஆட்களில், தன் வாழ்க்கையில் நடந்த எதையும் முதல் தடவையிலேயே கணக்கில் சேர்க்காத ஒரே ஆள் செக்பொயின்ட்தான். நான் மிகைப்படுத்தவில்லை. மிகைப்படுத்தினாலும் கொஞ்சம்தான்.

அவனுக்கு அவன் வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது பல்கலைக்கழகப் பெயர் இடாப்பில் மட்டும் இருந்தது. பல்கலைக்கழகத்தின் கடைசி வருடம் முழுவதும் அவன் எல்லோருக்கும் செக்பொயின்ட். ஒரு தடவை கல்முனை பஸ் நிலையத்தில் அவனைத் தூரத்தில் கண்டு, "டேய் செக்பொயின்ட்!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற நாலைந்து பெரியவர்கள் யுத்த காலத்துச் சோதனைச்சாவடிப் பழக்கத்தில் சட்டைப் பைக்குள் அடையாள அட்டையைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் குடையை மடக்கிக் கையை வேறு தூக்கினார். அதற்குப் பிறகு பொது இடங்களில் அவனை "டேய்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்வதற்கு முன் சிமுலேட்டர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், ஒரு பந்திதான். இன்னும் யாரும் செய்து முடிக்காத ஒரு கம்பியூட்டரை, மேசையில் இருக்கிற கம்பியூட்டருக்குள் பொய்யாக ஓடவிட்டுப் பார்க்கிற மென்பொருள் அது. அந்தப் பொய்க் கம்பியூட்டருக்குள் நடக்கிற ஒவ்வொரு சின்ன அசைவையும் பார்த்துப் பார்த்துத்தான் அது நகரும். ஒரு கிரிக்கெட் மட்சை, பந்து வீசுகிறவனின் சுண்டுவிரல் நரம்பு வரைக்கும் ஒருவர் வர்ணித்துக்கொண்டிருந்தால் ஓர் ஓவர் முடிய எவ்வளவு காலம் ஆகும்? அப்படித்தான். உள்ளே ஒரு செக்கன் போவதற்குள் வெளியே எங்களுக்கு நாட்கள் போய்விடும்.

கடைசி வருட புரொஜெக்டுக்கு நானும் அவனும் சோடி. ஒரு கம்பியூட்டருக்குள் ஒரு புரொசெசருக்குப் பதிலாக நாலு புரொசெசரை வைத்தால் வேலை எவ்வளவு கெதியாக முடியும் என்பதைச் சிமுலேட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும். எனக்கு அது வெறும் புரொஜெக்ட் இல்லை. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஓர் இடம் கிடைக்கும்போல் இருந்தது. அதற்கு எங்கள் விரிவுரையாளர் சேரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். சேரோ, "பிரசென்டேஷன் முடியட்டும், அதப் பாத்துத்தான் கடிதம்" என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார். என் எதிர்காலம் முழுவதும் அந்தப் பொய்க் கம்பியூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆரம்பத்தில் நான் ஒரு மடையனைப் போலத்தான் வேலை செய்தேன். சிமுலேட்டரை ஓடவிடுவேன். பொய்க் கம்பியூட்டர் சுவிட்ச் போட்டதிலிருந்து ஒவ்வொரு அசைவாக எழும்பி, சோம்பல் முறித்து, எங்களுக்குத் தேவையான வேலைக்கு வந்து சேரவே ஒரு கிழமை ஆகும். எதிலாவது பிழை கண்டால் மறுபடியும் சுவிட்ச் போடுவதிலிருந்து தொடங்குவேன். இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்த அவன் ஒரு நாள் வாயைத் திறந்தான்.

"மச்சான், கொழும்புக் கோட்டை ஸ்டேசன்ல ஒரு மனிசன் எப்பிடி நடக்கான் எண்டு பாக்கிறதுக்கு, நீ கல்முனையில இருந்து நடந்து போறாய். ஒவ்வொரு தரமும் நடந்து போறாய்."

"வேற எப்பிடிப் போற?"

"பஸ்ஸில ஏறு. நித்திரை கொள்ளு. கோட்டையில இறங்கின உடன, உன்னச் சுத்தி என்னென்ன எங்கெங்க இரிக்கி எண்டு ஒரு போட்டோ எடுத்து வை. மறுகா எத்தின தரம் நடக்கணும் எண்டாலும் அந்தப் போட்டோவுக்குள்ள இருந்து நட. கல்முனைக்கு வரத் தேவையில்ல."

அதாவது, தேவையில்லாத பகுதியைச் சிமுலேட்டரின் வேகமான, மேலோட்டமான முறையில் ஓட்டி முடித்துவிட வேண்டும். முக்கியமான இடம் வந்ததும் முழு நிலைமையையும் அப்படியே சேமித்து வைக்க வேண்டும். அந்தச் சேமிப்புக்குத்தான் செக்பொயின்ட் என்று பெயர். அங்கிருந்து மட்டும் நுணுக்கமான முறைக்கு மாறி ஓட்டலாம், வேண்டிய தடவை ஓட்டலாம். கிழமைக் கணக்கு நாள் கணக்காகச் சுருங்கியது. எனக்கு நடந்தது இவ்வளவுதான். அவனுக்கு நடந்தது வேறு. அந்த முறை அவன் தலைக்குள் ஏறி உட்கார்ந்து, இறங்க மாட்டேன் என்றுவிட்டது.

நாங்கள் சாய்ந்தமருதில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒரு பின்னேரம் அவன் பைப்பை மூட மறந்து, வீட்டுக்கார ராத்தா காயப்போட்டிருந்த மாசிக் கருவாட்டுப் பாய் முழுவதும் தண்ணீரில் மிதந்தது. ராத்தா வாசலில் நின்று வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஃபோனை எடுத்தான்.

"ராத்தா, இஞ்ச பாருங்க. இது இண்டைக்கு மத்தியானம் நான் எடுத்த போட்டோ. நீங்க சிரிச்சிக்கிட்டு நிக்கிறீங்க. பாய் காய்ஞ்சு கிடக்கு. நாம ரெண்டு பேரும் இந்த இடத்துக்குத் திரும்பிப் போவம். இதுக்குப் புறகு நடந்தத விட்டுருவம்."

"மாசிய ஆரு திருப்பித் தாற?"

"அது மட்டும் திரும்பி வராது ராத்தா. மத்தெல்லாம் வரும்."

ராத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் நிற்கிற ஆளுக்குச் சிரிப்பு வந்தால் மறுபடி கோபத்துக்குப் போவது கஷ்டம். அவன் அன்றிலிருந்து எல்லாச் சண்டைக்கும் இதையே செய்தான். எந்த விடயத்தையும் தொடங்குவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்தான். கரம் போர்ட், கிச்சின் மேசை, தலைமயிர் வெட்டுவதற்கு முன் தன் தலை, எல்லாம் ஃபோனுக்குள் இருந்தன.

இன்னொரு நோயும் அவனுக்கு இருந்தது. செக்பொயின்ட்டிலிருந்து சிமுலேட்டரைத் தொடக்கினால், புரொசெசரின் கைக்கெட்டும் நினைவகம் முதலில் வெறுமையாக இருக்கும். எதைக் கேட்டாலும் தூரத்தில் போய் எடுத்து வர வேண்டியிருப்பதால் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அது மந்தமாகத்தான் ஓடும். ஆகவே முதல் பகுதியை ஓடவிட்டு, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். வோர்ம்-அப் என்பார்கள். இதைக் கேட்ட நாளிலிருந்து அவன் சாப்பாட்டில் முதல் தட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. "நாக்கு இன்னம் சூடாகல்ல மச்சான்" என்பான். பரீட்சையில் முதல் கேள்விக்கு விடை எழுதி, குறுக்கே வெட்டி, மறுபடி எழுதுவான். பின்னேரக் கிரிக்கெட்டில் முதல் தடவை ஆட்டமிழந்ததை ஒப்புக்கொள்ளவே மாட்டான். ஸ்டம்பு மூன்றும் படுத்துக் கிடக்கும். அவன் துடுப்பு மட்டையோடு நிற்பான்.

நாலு புரொசெசர் சேர்ந்து ஓடும்போது இன்னொரு தொந்தரவு இருக்கிறது. ஒன்று ஒரு நூலிழை முந்தினாலும் மற்றவை போகிற ஒழுங்கே மாறிவிடும், விடையும் மாறும். அதனால் அங்கங்கே சின்னச் சின்னத் தாமதத்தைப் போட்டு ஒரே ஓட்டத்தைப் பல தடவை ஓட்டி, சராசரி பார்க்க வேண்டும். இதை அவன் சேரிடமே பரீட்சித்தான். "சேர், நாளைக்கு லெக்சர் இரிக்கா?" என்று காலையில் கேட்டான். "ஓம்" என்றார். பத்து மணிக்குக் கேட்டான். "ஓம் எண்டு சொன்னன்தானே" என்றார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டான். சேர் பேனையால் கதவைக் காட்டினார்.

"சராசரி என்ன?" என்று கேட்டேன்.

"லெக்சர் இரிக்கி. நான் போகாம இருக்கிறது நல்லம்."

எங்கள் வேலையோ ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு புரொசெசரும் ஒரு நொடிக்கு எத்தனை கட்டளைகளை முடிக்கிறது என்று எண்ணி நான் ஒரு வரைபடம் போட்டேன். ஒரு புரொசெசரிலிருந்து நாலுக்குப் போகும்போது கோடு வானத்தைப் பார்த்து ஏறியது. அவ்வளவு வடிவான கோட்டை நான் பார்த்ததே இல்லை. இடைக்கால ரிப்போட்டில் அதைப் போட்டுக் கொடுத்தோம். சேர் முதுகில் தட்டினார். எனக்குக் கடிதம் கையில் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில்தான் என் கூடப்பிறந்த மூத்த ராத்தாவுக்குக் கலியாணம் வந்தது. வியாழக்கிழமை கலியாணம், அடுத்த திங்கட்கிழமை பிரசென்டேஷன். எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல். பாய் விரித்து, மாப்பிள்ளை பக்கத்து ஆட்களை நாலு நாலு பேராக உட்காரவைத்து, நடுவில் சஹன் வைத்தோம். சஹன் என்றால் பெரிய தட்டு. அதில் சோறு, இறைச்சி, கோழி, கத்தரிக்காய், அச்சாறு எல்லாம் வைத்து மூடியிருக்கும். நாலு பேரும் ஒரே தட்டில்தான் சாப்பிட வேண்டும். நாலாவது ஆள் வந்து உட்காரும்வரை மற்ற மூன்று பேரும் கை வைக்க மாட்டார்கள். பாதியில் எழும்பிப் போவதோ நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

செக்பொயின்ட்டை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல், மாப்பிள்ளையின் பெரிய மாமாவின் சஹனில் உட்காரவைத்துவிட்டேன். அது என் பிழை. மாமா ஓய்வுபெற்ற அதிபர். அவர் பக்கத்தில் அவருடைய மச்சான். நாலாவது ஆளான மாமாவின் தம்பி, ஒழுங்கையை மறித்து நின்ற வேனைத் தள்ளி நிறுத்தப் போயிருந்தார். வேன் ஸ்டார்ட் ஆகவில்லை.

மாமாவுக்குப் பசி. மூடியைக் கொஞ்சம் உயர்த்தினார். கோழியைப் பார்த்தார். வாசல் கேற்றைப் பார்த்தார். தம்பி வரவில்லை. மூடினார். மறுபடி உயர்த்தினார், கோழி, கேற், தம்பி இல்லை, மூடினார். வேர்த்து வடிந்தது. துவாயால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி உயர்த்தினார். எதிரில் உட்கார்ந்திருந்த செக்பொயின்ட்டின் கண்கள் விரிந்துகொண்டே போனதை நான் தண்ணீர்ச் செம்போடு நின்று கண்டேன்.

"மச்சான்!" என்று என்னைப் பார்த்துப் பந்தல் அதிரக் கத்தினான். "இஞ்ச ஓடி வா! மாமாவப் பாரு! மாமா ஒரு வேலையும் செய்யல்ல!"

மாமா மூடியைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

"ஆருடா வேலை செய்யல்ல? முப்பது வருஷம் படிப்பிச்சவன் நான்!"

"இல்ல மாமா, நீங்க சும்மா இரிக்கிறீங்க எண்டு சொல்லல்ல. கையெல்லாம் ஓடுது. திறக்கிறீங்க, பாக்கிறீங்க, மூடுறீங்க. வேர்க்குது. பாக்கிறவனுக்கு நீங்க மாடா உழைக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனா ஒரு பிடி சோறு உள்ளுக்குப் போகல்லையே! எங்கட நாலு பேரும் இதத்தான் செஞ்சிக்கிட்டு இரிக்கானுகள்!"

"எந்த நாலு பேர்?" என்றார் மாமா.

அவன் அதற்குள் எழும்பிவிட்டான். சஹனை விட்டு எழும்பி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். சரியாக அந்த நேரம் பார்த்து வேன் ஸ்டார்ட் ஆகி, மாமாவின் தம்பி வந்து உட்கார்ந்தார். இப்போது செக்பொயின்ட் இல்லை. மறுபடியும் மூன்று பேர். மாமா மூடியை உயர்த்தினார்.

அன்பளிப்புப் பெட்டிகளுக்கு நடுவில் என்னை உட்காரவைத்து அவன் மூச்சு வாங்கச் சொன்னான். பொதுச் சாமான் ஒன்றை ஒரு புரொசெசர் பாவித்துக்கொண்டிருக்கும்போது மற்ற மூன்றும் காத்திருக்க வேண்டும். அவை சும்மா காத்திருப்பதில்லை. "விட்டாச்சா, விட்டாச்சா" என்று நொடிக்கு ஆயிரம் தரம் எட்டிப் பார்த்துக்கொண்டேயிருக்கும். அந்த ஒவ்வொரு எட்டிப் பார்த்தலும் ஒரு கட்டளை. நான் அதையெல்லாம் வேலை என்று எண்ணித்தான் கோட்டை வானத்துக்கு ஏற்றியிருந்தேன். எண்ண வேண்டியது கட்டளைகளை இல்லை. வேலை எப்போது முடிந்தது என்பதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

அவன் சொன்னது அத்தனையும் சரி என்று எனக்கு உடனே விளங்கியது. அதுதான் கொடுமை.

அதற்குள் என் வாப்பா வந்துவிட்டார். "மகன், நிக்காஹ் முடிஞ்சிட்டு எண்டதால தப்பினம். நாலாவது ஆள் இல்லாம மாமாட சஹன்ல நான் போய்க் குந்திட்டு வாறன். பொண்ணுட வாப்பா இண்டைக்குக் குந்திச் சாப்பிடுறதா, பரிமாறுறதா? மாமா கோவத்தில நடுங்குறாரு. என்னமாவது செய்யுங்க."

செக்பொயின்ட் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசலால் போனான். ஒழுங்கையைச் சுற்றி முன் கேற்றால் வந்தான். நேரே மாமாவிடம் போய் ஸலாம் சொல்லிக் கை கொடுத்தான். "மாமா, நான் இப்பதான் வாறன். இவ்வளவு நேரமும் நான் இஞ்ச இல்ல. சாப்பாடு வெச்சாச்சா?"

மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் சிரிக்கத் தொடங்கி, புரைக்கேறி, இரண்டு பேர் முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது. தன் கையாலேயே அவனுக்கு இனிப்பான வட்டிலப்பம் எடுத்துக் கொடுத்தார். அவன் தின்று முடித்து, "மாமா, இது கணக்கில இல்ல" என்று தட்டை நீட்டினான்.

என் கோபம் அவ்வளவு லேசில் அடங்கவில்லை. பின்னேரம் பந்தலுக்குக் கீழே அவனிடம் நேரே சொன்னேன். "இருக்கிற கோட்டையே குடுப்பம். ஆருக்கு விளங்கப் போகுது? மூணு நாளில ஒண்டும் செய்ய ஏலாது. என்ட கடிதம் போயிரும்டா."

அவன் சத்தம் போடவில்லை. "பொய்க் கோட்டப் பாத்து சேர் கடிதம் எழுதினா, மறுகா அவரும் பொய் சொன்ன மாதிரித்தானே மச்சான்?" என்றான். கிடந்த பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, "மூணு நாள் காணும். போட்டோ நம்மட கையில இரிக்கி. ஒரு கம்பியூட்டர்ல ஓட்டினாத்தானே சுணங்கும்?" என்றான்.

அடுத்த மூன்று நாளும் ஒரு மோட்டார் சைக்கிளில் நாங்கள் கரையோரத்தை உழுதோம். செக்பொயின்ட் கோப்பை பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவர் கம்பியூட்டர் எல்லாவற்றிலும் ஒவ்வொரு ஓட்டத்தைத் தொடக்கிவைத்தோம். சாய்ந்தமருதில் ஒரு போட்டோகொப்பிக் கடை. காரைதீவில் கணித மாஸ்டர் ஒருவரின் டியூஷன் வகுப்பு. நாவிதன்வெளிப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் கந்தோர் அறை. எல்லா இடத்திலும் கீபோர்டின் மேல் அவன் ஒரு கடதாசியை ஒட்டினான்: "தொட வேண்டாம். உள்ளுக்கு நாலு பேர் வேலை செய்கிறார்கள்."

ஆலை முதலாளி கண்ணாடியைப் போட்டு அதை இரண்டு தரம் வாசித்தார். "நாலு பேருக்கும் தேத்தண்ணி ஊத்தணுமா தம்பி?"

"மூணு பேர் சும்மாதான் எட்டிப் பாத்துக்கிட்டு இரிக்காங்க முதலாளி. ஒருத்தருக்கு ஊத்துங்க, நான் குடிக்கிறன்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போன போட்டோகொப்பிக் கடைக்காரர், வழமைபோல் மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அதே பள்ளிவாசலில் அவருக்குப் பின்வரிசையில்தான் நாங்களும் இருந்தோம். எத்தனை வெள்ளிக்கிழமை அவர் அப்படிப் பூட்டுவதைப் பார்த்திருக்கிறோம். எங்கள் அட்டவணையில் புரொசெசரின் ஒவ்வொரு துடிப்புக்கும் இடம் இருந்தது, ஜும்ஆவுக்கு மட்டும் இடம் இல்லை. நான் பள்ளி வாசலில் தலையில் கை வைத்தேன். அவன் செருப்பைத் தேடிக்கொண்டே, "போட்டோ இரிக்கிதானே, திருப்பி நடப்பம்" என்றான். நடந்தோம்.

ஞாயிறு பின்னேரம் எல்லா விடைகளும் சேர்ந்தன. புதிய கோடு கொஞ்சம் ஏறி, மூன்றாவது புரொசெசரோடு களைத்து, நாலாவதில் படுத்துக்கொண்டது. உண்மையான கோடு என்பதைத் தவிர அதில் வேறு ஒரு வடிவும் இல்லை.

திங்கட்கிழமை சேர் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "முந்தின ரிப்போட்டில கோடு மேல போச்சே. இப்ப ஏன் படுத்துக் கிடக்கு?"

செக்பொயின்ட்தான் பேசினான். "அது பிழை சேர். காத்திருந்ததையும் வேலை எண்டு எண்ணிப்போட்டம்." காத்திருக்கிற புரொசெசர் எப்படி உழைப்பது போல் தெரியும் என்பதை விளங்கப்படுத்தினான். மாமாவை மட்டும் விட்டுவிட்டான்.

சேர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. "கனபேர் இந்தக் குழியில விழுந்து, விழுந்ததே தெரியாம இரிக்காங்க. இத ஆர் கண்டுபிடிச்ச?"

"இவன்தான் சேர்" என்று அவன் என்னைக் காட்டினான். நான் வாயைத் திறக்கும் முன் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டான்.

பிறகு படிக்கட்டில் வைத்து அவனைப் பிடித்தேன். "பொய் சொல்ல வேணாம் எண்டு எனக்குச் சொல்லிட்டு, நீ ஏன்டா பொய் சொன்ன?"

"எனக்குக் கடிதம் என்னத்துக்கு? நான் இஞ்சதானே இரிக்கப் போறன். நீ போகணும் எண்டுதானே இவ்வளவும் ஓடினம்." அவ்வளவுதான் சொன்னான். பசிக்குது என்று கென்டீனுக்கு இறங்கிப் போய்விட்டான்.

கடிதம் கிடைத்தது. தன் பிழையைத் தானே கண்டுபிடித்து ஒப்புக்கொள்ளும் மாணவன் என்று சேர் அதில் என்னைப் பற்றி எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் அங்கே என்னைச் சேர்த்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள். அந்த வரியில் இருந்தவன் கல்முனையில் இருந்தான். இன்றைக்கும் இருக்கிறான். வீட்டிலிருந்தே ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சிமுலேட்டர் ஓட்டுகிறான்.

சேர், நீங்கள் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாசிக்கிறவர் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை, அவன்தான். நான் அதை மறைக்கப் பார்த்தவன். இதை எழுதட்டுமா என்று அவனிடம் நான் கேட்கவில்லை, கேட்டால் விடமாட்டான். அவன் மேல் எனக்கு இருக்கிற பிரியத்தை வேறு எப்படிச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.